எட்டு, ஆறு, மூன்று

கரும்பு ஏற்றிய டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் அப்புறம் டிரைவருக்கு வேலை ஒன்றும் கிடையாது. முறை வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நெல்லிக்குப்பம் பக்கத்தில் நான் டிராக்டர் ஓட்டிய வருஷங்களைக் கணக்குப் பார்த்தால், ஓட்டிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் ஜாஸ்தி.

ஆலைக்குப் போகிற ரோட்டில் ஒரு காலிமனை இருந்தது. வண்டிகள் அங்கேதான் சேரும். யார் முன்னால் வந்தது, யார் பின்னால் வந்தது என்று தினமும் தகராறு நடந்ததால் டிரைவர்கள் நாங்கள் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மனையின் முனையில் டீக்கடை வைத்திருந்த அக்கா, பிஸ்கட் பெட்டிகளைக் கிழித்து அட்டைகளில் நம்பர் எழுதி வைத்திருப்பார். வருகிற வண்டிக்கு ஓர் அட்டை. நம்பரைக் கூப்பிடும்போது வண்டி போக வேண்டும். கூப்பிட்ட நேரத்தில் ஆள் இல்லையென்றால் அந்த அட்டை செல்லாது, புதிதாக வாங்கிக்கொண்டு கடைசிக்குப் போக வேண்டும். அட்டையை எங்களுக்குள் மாற்றிக்கொண்டால் அக்கா அதைக் கேட்க மாட்டார்.

காசு வைத்துச் சீட்டாடினால் போலீஸ் வரும், அக்காவும் விரட்டிவிடுவார். வைப்பதற்கு எங்களிடம் வேறென்ன இருந்தது? அட்டை இருந்தது. வெட்டிய கரும்பு வெயிலில் காயக் காய எடை குறையும், முதலாளி கத்துவார், வீட்டுக்குப் போவதும் தள்ளிப்போகும். அதனால் அந்தப் பிஸ்கட் அட்டைக்கு எங்களிடையே நல்ல மதிப்பு இருந்தது.

நாலு பேர் உட்காருவோம். நாலு அட்டைகளையும் நடுவில் வைத்து மேலே ஒரு கல்லை வைப்போம். ஆளுக்குப் பத்துத் தீக்குச்சி. மூன்று சீட்டு ஆட்டம். குச்சி முதலில் தீர்ந்தவனுக்குக் கடைசி நம்பர், அடுத்துத் தீர்ந்தவனுக்கு அதற்கு முந்திய நம்பர். மிஞ்சுகிற இரண்டு பேருக்கும் குச்சி வேண்டியதில்லை, ஒரே ஒரு கைதான் ஆட்டம். ஜெயித்தவனுக்கு முதல் நம்பர், தோற்றவனுக்கு இரண்டாவது.

அந்தக் கடைசிக் கையில்தான் எல்லாம் இருந்தது. சீட்டைப் பார்த்துவிட்டு முதலில் பேச வேண்டியவன் விரலால் தரையைத் தட்டலாம். தட்டினால் இரண்டு பேரும் சீட்டைத் திறந்து காட்ட வேண்டும், பெரிய சீட்டு ஜெயிக்கும். தட்ட வேண்டாம் என்று நினைத்தால் ‘வால்’ என்று சொல்லலாம். வால் என்றால் வரிசையின் வால். எதிராளி அதை ஏற்றுக்கொண்டால், தோற்றவன் கையில் ஒன்றும் இல்லாமல் மொத்த வரிசைக்கும் கடைசியாகப் போய் மறுநாள் வரை கிடக்க வேண்டும். அந்தத் துணிச்சல் இல்லாத எதிராளி, சீட்டைக் கவிழ்த்துவிட்டு இரண்டாவது நம்பரோடு எழுந்துகொள்ளலாம். கவிழ்த்தவனுக்கு ஜெயித்தவன் தன் சீட்டைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. கேட்பதும் மரியாதை இல்லை.

நான் தட்டுகிறவன். நல்ல சீட்டு வந்தாலும் தட்டுவேன், கெட்ட சீட்டு வந்தாலும் தட்டுவேன். மூன்று ராஜா வந்தபோது மட்டும் ஒரு தடவை வால் சொன்னேன். என் குரலைக் கேட்டதுமே எதிராளி கவிழ்த்துவிட்டான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் என்னைப் பார்த்தால் காது சூடாகிவிடும். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூட எனக்கு வாய் வராது.

என்னோடு வண்டி ஓட்டிய ஒருவன் இருந்தான். என் வயதுதான். சொந்தம் கிடையாது, ஆனாலும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவனுக்கு என் ஆட்டத்தைப் பார்த்தால் பொறுக்காது.

“நீ தப்பா ஆடுற மச்சான். பாதி நல்ல சீட்டு வந்தா தட்டு, அது சரி. அதுக்குப் போய் வால் சொன்னா உன்னவிட மட்டமா வச்சிருக்கறவன் கவுத்துட்டு ஓடிருவான், உன்னவிட நல்லா வச்சிருக்கறவன்தான் நிப்பான். உனக்கு என்னா லாபம்? ஒண்ணுமே இல்லாதப்பதான் வால் சொல்லணும். தட்டுனா எப்படியும் தோக்கப் போற சீட்டு அது. அதுக்குத்தான் வாய் வேணும்.”

“வாய் இருந்தா நான் ஏன் டிராக்டர் ஓட்றேன்” என்றேன்.

“அதுவும் கரெக்டுதான். பாட்டரி இல்லாத ஆரன் நீ.”

அவன் சொன்னது நியாயம் என்று எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்ததைச் செய்வதற்கு மட்டும் வேறு ஆள் வேண்டியிருந்தது.

சுனாமி வந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு மாசி மாதம். காலையில் நான் வந்தபோது அவனுடைய டிராக்டரில், சீட்டுக்குப் பின்னால், ஒரு வெள்ளைச் சட்டை பிளாஸ்டிக் கவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சவரம் செய்திருந்தான். டீ வாங்கிக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“சாயங்காலம் நாலு மணிக்கு நான் சிதம்பரத்துல இருக்கணும் மச்சான்.”

அவன் மனைவி எட்டு மாதமாகச் சிதம்பரத்தில், அம்மா வீட்டில் இருந்தாள். வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றுதான் மற்றவர்களிடம் சொல்லிவைத்திருந்தான். எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

“அவுங்க அண்ணன் முன்னாடி ஒரு வார்த்தை விட்டுட்டேன். அதான் இவ்ளோவும்” என்றான். என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. “அண்ணனுங்க ரெண்டு பேரும் திருப்பூர்லேர்ந்து வந்திருக்காங்க. நாலு மணிக்கு வந்து உக்காந்து பேசுனா அனுப்பி வைக்கிறோம், வரலன்னா எங்களோட திருப்பூருக்குக் கூட்டிக்கினு போயிடுவோம்னு ஆள் மூலமா சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. பனியன் கம்பெனியில எடமும் பாத்து வச்சிருக்காங்களாம்.”

“அது என்னா சொல்லுது?”

“வரச் சொல்லுன்னு அதுவும் சொல்லிச்சாம்.” அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

முதலாளியிடம் லீவு கேட்டிருக்கிறான். வெட்டு நடக்கும்போது லீவு ஏது என்று சொல்லிவிட்டார். வேறு ஆள் ஸ்டியரிங்கைத் தொட்டால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும் என்றும் சொல்லியிருந்தார். லோடு இறக்கி, வண்டியை டீக்கடை ஓரம் போட்டு, கடலூர் போய்ச் சிதம்பரம் பஸ் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு மணிக்கெல்லாம் அவன் கிளம்பியாக வேண்டும். கையில் இருந்ததோ முப்பத்தெட்டாம் நம்பர். அன்று வண்டி போய்க்கொண்டிருந்த வேகத்துக்கு அது மூன்று மணிக்கு மேல்தான் வரும்.

பன்னிரண்டாம் நம்பர் ஒரு மீசைக்காரரிடம் இருந்தது. வயதானவர். சும்மா கேட்டால் கொடுக்க மாட்டார், சீட்டுக்குக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லவும் மாட்டார். முப்பத்தொன்றாம் நம்பரை வைத்திருந்தவன் மேல்பட்டாம்பாக்கத்துக்காரன், வாய்த்துடுக்கு. எதற்கும் தயார். இன்னும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

“நீயும் உக்காரு மச்சான்” என்றான் என் நண்பன். “நாலு பேரு வேணும்.”

என் நம்பர் ஐம்பத்திரண்டு. எனக்கு அவசரம் எதுவும் இல்லை. அவனுக்காகத்தான் உட்கார்ந்தேன். இதை இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. உட்காரும்போது அவன் காதோடு சொன்னான்: “இந்த ஆட்டம் மட்டும் எனக்கு வந்துச்சுன்னா அது வீட்டுக்கு வந்துரும்னு மனசுல வச்சிருக்கேன்.”

டிரெய்லர் நிழலில், கரும்புச் சோகையைப் பரப்பி உட்கார்ந்தோம். மேல்பட்டாம்பாக்கத்துக்காரன் அரைமணி நேரத்தில் குச்சியெல்லாம் போய் ஐம்பத்திரண்டை எடுத்துக்கொண்டான். போகாமல் அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். மீசைக்காரர் நல்ல சீட்டோடு நிறைய வைத்து, அதைவிட நல்ல சீட்டிடம் தோற்று முப்பத்தெட்டை எடுத்துக்கொண்டார். அதைவிட நல்ல சீட்டு என் கையில் வந்திருந்தது, தானாக. நான் ஒன்றும் செய்யவில்லை.

கல்லுக்கு அடியில் பன்னிரண்டும் முப்பத்தொன்றும் இருந்தன. எதிரே அவன்.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இனி அவனுக்கு வர வேண்டியது அவனுக்கு வந்துவிடும். மீசைக்காரர் சீட்டைப் போட்டார். முதலில் பேச வேண்டியவன் நான். எடுத்துப் பார்த்தேன். எட்டு, ஆறு, மூன்று. கலரும் சேரவில்லை. இதைவிட மட்டமான சீட்டு வருவது கஷ்டம். தட்டினால் போதும், அவனிடம் எது இருந்தாலும் ஜெயித்துவிடுவான். பன்னிரண்டை எடுத்துக்கொண்டு போய் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொள்வான். என் விரல் தரைக்குப் போனது.

“பாருங்க, போகுது பாருங்க” என்றான் மேல்பட்டாம்பாக்கத்துக்காரன். “தட்டித் தட்டியே இவருக்கு அந்த வெரல்ல ரேகை தேஞ்சுபோச்சு. கல்யாணத்துலகூட தாலியக் கட்டறதுக்குப் பதிலா மணையத் தட்டிட்டு எழுந்துட்டாராம்.”

மீசைக்காரர் சிரித்தார். டீக்கடையிலிருந்து அக்கா சிரிப்பதும் கேட்டது. எனக்குப் பழக்கமான சிரிப்புதான். ஆனால் அன்றைக்கு அவனும் சிரித்தான். எதிரே உட்கார்ந்து, சீட்டை மார்போடு பிடித்துக்கொண்டு, நான் யாருக்காக உட்கார்ந்திருக்கிறேனோ அவன் சிரித்தான்.

விரலை எடுத்துக்கொண்டேன்.

“வால்” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. மேல்பட்டாம்பாக்கத்துக்காரன் வாயைத் திறந்தபடி இருந்தான். அப்படி ஒரு அமைதியை என் வாயால் அதற்கு முன் நான் உண்டாக்கியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது.

அவன் தன் சீட்டை மறுபடி பார்த்தான். என்னைப் பார்த்தான். “நெசமாவா மச்சான்?” என்று கேட்டான். நான் சோகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எப்போதும் கீழேதான் பார்ப்பேன், அதனால் அதிலிருந்து அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அவனுக்கு இருந்த வழி இரண்டு. ஏற்றுக்கொண்டு தோற்றால் மறுநாள் வரை அங்கேயே கிடக்க வேண்டும், சிதம்பரம் அத்தோடு முடிந்தது. கவிழ்த்தால் முப்பத்தொன்று கிடைக்கும். இரண்டு மணிக்கு மேல் உள்ளே போகலாம், ஓடிப் பஸ் பிடித்தால் கொஞ்சம் தாமதமாகவாவது போய்ச் சேரலாம். எனக்கோ எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம் இல்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் சொல்லும் வாலில் தைரியம் ஏது? அது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அவன் ஏற்றுக்கொள்வான், ஜெயிப்பான், நான் வாலுக்குப் போவேன் என்று நினைத்தேனா? கவிழ்த்துவிடுவான், அட்டையை வாங்கி அவனிடமே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேனா? இத்தனை வருஷம் யோசித்தும் தெரியவில்லை. இரண்டையும் நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எதையும் நினைத்திருக்க மாட்டேன்.

“நீ வால் சொன்னா அது வேற” என்று சொல்லிவிட்டு அவன் சீட்டைக் கவிழ்த்தான்.

மேல்பட்டாம்பாக்கத்துக்காரன் அதைத் திருப்பிப் பார்த்தான். ஜாக்கி ஜோடி, கூடவே ஒரு அஞ்சு. “ஜோடிய வச்சிக்கினு கவுத்துட்டியே மாமா” என்றான். “இவரு என்னா வச்சிருந்தாரு?”

“அவன் சும்மா சொல்ல மாட்டான்” என்றான் என் நண்பன். என்னைப் பார்த்து, “நல்ல சீட்டா மச்சான்?” என்று கேட்டான். கேட்கக்கூடாது என்ற வழக்கத்தை மீறித்தான் கேட்டான். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி.

என் மூன்று சீட்டும் கையில்தான் இருந்தன. திறந்து காட்டியிருந்தால் போதும். அவன் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பான், முதுகில் ஓர் அறை விட்டிருப்பான், பன்னிரண்டைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பான். ‘நான் சொல்லிக்கொடுத்ததை வைத்து என்னையே கவிழ்த்துவிட்டானே’ என்று பிறகு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பான். மற்ற இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையில் முதல் தடவையாக ஒரு மரியாதை இருந்தது.

“நல்ல சீட்டுதான்” என்று சொல்லிவிட்டு என் சீட்டைக் கட்டுக்குள் சொருகினேன்.

அவன் எழுந்து கைலியில் ஒட்டியிருந்த சோகையைத் தட்டிவிட்டான். நான் பின்னாலேயே போய் டிரெய்லருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டாம் அட்டையை நீட்டினேன். “நீ போ மச்சான். எனக்கு அவசரம் இல்ல.”

“ஜெயிச்சது நீ.”

“பரவால்ல, எடுத்துக்க.”

“வேணாம் மச்சான். நான்தான் மனசுல வச்சிக்கினு உக்காந்தேன். எனக்கு ஜோடி குடுத்துட்டு உனக்கு அதுக்கும் மேல குடுத்திருக்குதுன்னா, அதுக்கு என்னா அர்த்தம்? நீ வேணும்னா செஞ்ச?” என்று சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தான்.

வேண்டுமென்றுதான் செய்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். மேலே இருக்கிறவன் உனக்கு எதிராக ஒன்றும் கொடுக்கவில்லை, எட்டும் ஆறும் மூன்றும்தான் கொடுத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுவும் முடியவில்லையென்றால், உன் முதலாளி என்னை வெட்டிப்போட்டாலும் சரி, உன் வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கிளம்பு என்றாவது சொல்லியிருக்கலாம். இவையெல்லாம் எனக்கு அன்று ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது ஒவ்வொன்றாக வாக்கியமாக வந்தன. டிரெய்லர் ஓரத்தில் நின்றபோது ஒன்றும் வரவில்லை.

பன்னிரண்டைக் கூப்பிட்டபோது நான்தான் போனேன். பதினொன்றரைக்கெல்லாம் லோடு இறங்கிவிட்டது. காலி வண்டியோடு திரும்பும்போது அவன் டிராக்டர் மேலேயே படுத்திருந்ததைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை கவருக்குள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆரன் அடித்தேன். கையைத் தூக்கிக் காட்டினான்.

முப்பத்தொன்றைக் கூப்பிட்டது இரண்டேகாலுக்கு. பிறகும் அவன் அவசரப்படவில்லை என்று டீக்கடை அக்கா என்னிடம் சொன்னார். லோடு இறக்கிவிட்டு வந்தவன் உட்கார்ந்து ஒரு டீ குடித்தானாம். ‘சட்ட மாத்தலியா தம்பி’ என்று கேட்டதற்கு, போகிற வழியில் மாற்றிக்கொள்கிறேன் என்றானாம். சிதம்பரம் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டிருக்கிறார்கள். ஐந்தரை மணி வரை வாசலில் நாற்காலி போட்டிருந்தது, அப்புறம்தான் எடுத்து உள்ளே வைத்தோம் என்று மாமியார் சொன்னாராம். அண்ணன்களும் தங்கையும் அரைமணி நேரத்துக்கு முன்தான் கிளம்பியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போயிருந்தால் ஒருவேளை பார்த்திருக்கலாம். அவன் போகவில்லை.

“ஏன் மச்சான் போவல?” என்று மறுநாள் கேட்டேன்.

“காலையிலேயே தெரிஞ்சிபோச்சே” என்றான்.

அந்த நாற்காலியைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நான் பார்க்காத ஒரு வாசலில், நான் பார்க்காத ஒரு நாற்காலி.

அடுத்த வருஷம் ஆலையில் அரவை தொடங்கியபோது அவன் வரவில்லை. டிராக்டர் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நானும் அதன்பிறகு அட்டை ஆட்டத்துக்கு உட்காரவில்லை. மேல்பட்டாம்பாக்கத்துக்காரன் புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, “இவரு பேச மாட்டாரு, பேசுனா எழுந்து போயிடணும்” என்று சொல்வான். அந்தப் பெயர் எனக்கு நாலைந்து வருஷம் இருந்தது.

கடைசியாக அவனைப் பார்த்தது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில். அப்போது நான் மினிலாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் ஒரு லாட்ஜுக்குக் கட்டில் இறக்கப் போனேன். கேட்டைத் திறந்த வாட்ச்மேன் அவன். தலை நரைத்திருந்தது. சட்டையை இறுக்கமாக பேண்ட்டுக்குள் விட்டிருந்தான்.

“மச்சான்” என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை. கட்டில்களை இறக்கி முடித்ததும் எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனான். தனியாகத்தான் இருக்கிறான், லாட்ஜிலேயே ஓர் அறை. அவள் திருப்பூரில்தான் இருக்கிறாளாம். வேறு கல்யாணம் செய்துகொண்டாளா என்று நான் கேட்கவில்லை. அவனாகவே, “அது நல்லா இருக்குது. கேள்விப்பட்டேன்” என்றான்.

டீக்கடைக்காரரிடம் என்னைக் காட்டினான். “நான் சொல்லுவேன்ல, இவன்தான். வாழ்க்கையில ரெண்டே ரெண்டு தடவ வால் சொன்னவன். என்னா ராசி பாருங்க. நான் ஜாக்கி ஜோடியோட உக்காந்திருக்கேன், இவன் கையில மூணு ராணி. நான் என்னா பண்ண முடியும்? யாரா இருந்தாலும் என்னா பண்ண முடியும்?”

மூன்று ராணி என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அஞ்சாறு வருஷத்தில் அவனாகவே அந்தச் சீட்டை என் கையில் வைத்திருக்கிறான். அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் என்று அவன் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் பழகிப்போயிருந்தது.

“ராணிதானே மச்சான்? இல்ல ராஜாவா? எனக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியா இல்ல.”

டீக்கடைக்காரரும் என்னைப் பார்த்தார். கண்ணாடி டம்ளர் சூடாக இருந்தது. அதைப் பெஞ்சின் மேல் வைத்தேன். எட்டு, ஆறு, மூன்று என்று சொல்ல வேண்டியதுதான். மூன்று எண்கள். இத்தனை வருஷமாக எனக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியவை. சொன்னால், அன்றைக்கு அவன் ஏறி ஓடியிருக்கக்கூடிய பஸ்ஸும், திரும்பிப் போகாமல் விட்ட பஸ் ஸ்டாண்டும், ஐந்தரை வரை கிடந்த நாற்காலியும் இந்த டீக்கடை வாசலில் வந்து நிற்கும். சொல்லாவிட்டால் அவன் தோற்றது மூன்று ராணிகளிடம்.

அவனுக்காகத்தான் சொல்லாமல் விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவனுக்காகத்தான் சீட்டுக்கு உட்கார்ந்தேன் என்றும் முன்னால் எழுதியிருக்கிறேன்.

“ராணி” என்றேன்.

“அதான” என்று சொல்லி அவன் டீக்கடைக்காரரைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு எனக்கு இன்னொரு டீ சொன்னான்.